களப்பு உப்பாகவே இருக்கட்டும்

2025ஆம் ஆண்டு நம் நாட்டுச் சமையலறைகளில் ஓர் அதிசயம் நடந்தது. நாலா பக்கமும் கடல் சூழ்ந்த இலங்கையில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். கிடைத்த பக்கற்றுக்கும் விலை ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்யப்பட்டது. ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் மிகச் சாதாரணமானது. மழை. உப்பு விளைய வேண்டிய காலத்தில் மழை பெய்து, பாத்திகளில் கட்டி வைத்திருந்த உவர்நீரை ஐதாக்கிவிட்டது.

மழையை ரஹ்மத் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். மழை பொய்த்தால் அதற்காகத் தொழுகை நடத்துகிறோம். நல்ல தண்ணீர் வந்ததனாலேயே ஓர் இடம் கெட்டுப்போகும் என்பது எங்கள் மனதில் எளிதில் ஏறாத செய்தி. உப்புத் தட்டுப்பாடு வந்தபோதுதான் பலருக்கு அது விளங்கியது. ஆனால் அதே செய்தியைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் இடம் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அதன் பெயர் புந்தல.

என் உம்மா பிறந்த ஊர் அம்பாந்தோட்டை. அதனால் அந்தப் பக்கத்துச் சொற்கள் சில எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். அவற்றில் ஒன்று 'லேவாய'. கடற்கரையை ஒட்டிய ஆழமில்லாத களப்பு, வெயில் காலத்தில் வற்றி, ஓரங்களில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடக்கும். அதைத்தான் சிங்களத்தில் லேவாய என்கிறார்கள். அந்த வட்டாரத்தின் பழைய செல்வம் இந்த உப்புத்தான். 1908 முதல் 1911 வரை அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயருக்கு இருந்த பெரிய பொறுப்புகளில் உப்புச் சேகரிப்பை மேற்பார்வை செய்வதும் ஒன்று. மாட்டு வண்டிகளில் உப்பு ஏற்றிய காலத்தை உம்மும்மா தன் வாப்பாவிடம் கேட்டதாகச் சொல்வார்.

புந்தல தேசிய பூங்கா இப்படிப்பட்ட களப்புகளின் கூட்டம். புந்தல, எம்பிலிகல, மலல, கொஹொலங்கல, மஹ லேவாய என்று ஐந்து. பின்னைய இரண்டும் உப்பளங்களாகப் பயன்படுகின்றன. பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 6,200 ஹெக்டேயர். 1969இல் சரணாலயமாகவும் 1993இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கிடையில் 1990இல், ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ரம்சார் உடன்படிக்கையின் கீழ் இலங்கையிலிருந்து முதன்முதலாகப் பட்டியலில் சேர்ந்த இடம் என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது. 2005இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றுக்கொண்டது. இத்தனை பட்டங்களும் கிடைத்த அதே காலத்தில்தான் அதன் இரண்டு களப்புகள் தம் உப்பை இழந்துகொண்டிருந்தன.

உப்பை இழப்பது ஏன் ஒரு பெரிய விடயம் என்று கேட்கலாம். க.பொ.த உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் முதலில் அதையே கேட்டேன். நன்னீரில் பல வகை உயிர்கள் வாழும், உப்பு நீரில் சில வகைகளே வாழும், ஆகவே நன்னீர்தானே மேல்? கணக்கு அப்படி இல்லை. ஆழமில்லாத உவர்நீரில் உப்பின் அளவு மழைக்கு மழை, வெயிலுக்கு வெயில் மாறிக்கொண்டே இருக்கும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. களப்பு வற்றும்போது அதைவிடவும் கூடிவிடலாம். பெருமழை பெய்தால் மிகவும் குறைந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உயிர்கள் சில வகைதான். ஆனால் போட்டிக்கு வேறு ஆளில்லாததால் அந்தச் சில வகைகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள், உவர்நீரில் வாழும் சின்னஞ்சிறு கிறஸ்டேசியாக்கள், சேற்றுக்குள் புழுக்கள், சிறு நத்தைகள். நமக்கு வெறும் சேறாகத் தெரிவது ஒரு பறவைக்குக் கந்தூரிச் சோறு ஆக்கி வைத்த சகன் மாதிரி.

பூநாரையின் அலகைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நடுவில் முறிந்ததுபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஏன் இப்படி ஓர் அலகு என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. அது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் சாப்பிடுகிறது. அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு உண்டு. நாக்கை ஒரு பம்பிபோல் முன்னும் பின்னும் இயக்கித் தண்ணீரை உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, இடையில் சிக்கும் சிற்றுயிர்களை மட்டும் விழுங்குகிறது. அந்த உணவில் உள்ள கரட்டினொயிட்டு நிறப்பொருள்தான் அதன் இறகுக்கு ரோஜா நிறம் கொடுக்கிறது. அதாவது பூநாரையின் நிறம் களப்பில் இருந்து வருவது. சாப்பாடு மாறினால் நிறமும் வெளுத்துவிடும்.

ஒரு காலத்தில் புந்தலயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் கூட்டமாக இறங்கின. குஜராத்தின் கச்சு உவர்வெளியிலிருந்து அவை வருவதாகக் கருதப்படுகிறது. இன்று புந்தல என்றதும் எல்லோருக்கும் பூநாரைப் படம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் பூநாரை பார்க்க விரும்புபவர்கள் இப்போது மன்னாருக்குப் போகிறார்கள்.

பூநாரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றப் பறவைகளுக்கு அநியாயம் செய்தவளாவேன். புந்தலயில் 197 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. ஒரே நேரத்தில் 20,000 வரையான கரையோரப் பறவைகளுக்கு இடம் கொடுக்கக்கூடிய நிலம் அது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கொசு உள்ளான். பேருக்கேற்ற பறவை. நிறை முப்பது கிராமுக்கும் குறைவு, ஒரு சின்னப் பிஸ்கட் பக்கற்றைவிட இலேசு. இது ஆர்க்டிக் வட்டாரத்தில், சைபீரியாவின் வடக்கு ஓரங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே குளிர் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து நம் கரைக்கு வருகிறது. ஓகஸ்ட், செப்டெம்பரில் வரத் தொடங்கி, ஏப்ரல் அளவில் திரும்பிப் போகிறது. வளைமூக்கு உள்ளானும் அப்படியே.

உலகப் படத்தை எடுத்துப் புந்தலயிலிருந்து நேரே தெற்கே விரலை நகர்த்திப் பாருங்கள். அந்தாட்டிக்கா வரை நிலம் கிடையாது. அங்கே வந்து சேர்ந்த பறவைக்கு, இந்த இடம் சரியில்லை, இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பார்ப்போம் என்று சொல்ல வழியில்லை.

கொசு உள்ளானின் கால் என் சுண்டுவிரல் அளவுகூட இராது. அது நின்று மேய வேண்டுமென்றால் தண்ணீர் ஒரு விரற்கடை ஆழத்துக்கு மேல் இருக்கக் கூடாது. களப்பு மெல்ல மெல்ல வற்றி, ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு வளையம் ஈரச் சேற்றை வெளியே காட்ட வேண்டும். நிரம்பி நிற்கும் களப்பால் அதற்குப் பயனில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. வறண்ட மண்ணுக்கு நீர் கொடுத்து, மக்களைக் குடியேற்றி, நெல் விளைவிக்கும் பெரிய திட்டம் அது. நல்ல நோக்கம்தான். (இதில் ஒரு வேடிக்கை, 'லுணு' என்றால் சிங்களத்தில் உப்பு. உப்பின் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கத்தின் நன்னீர்தான் களப்பின் உப்பைக் கரைத்தது.) புதிதாக வயலான நிலத்தின் ஒரு பகுதி எம்பிலிகல, மலல களப்புகளுக்கு மேற்புறமாக அமைந்தது. வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் பயிர் குடித்தது போக மீதி எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான். வடிகால் வாய்க்கால்கள் வழியாக அது எம்பிலிகலவில் விழுந்தது. எம்பிலிகலவையும் மலலவையும் ஒரு கால்வாய் இணைக்கிறது. ஆகவே மலலவுக்கும் போனது. பதகிரியக் குளத்துப் பக்கத்து வயல்களின் வடிநீரும் மலலவில்தான் சேர்கிறது.

முன்பெல்லாம் மழைக்காலத்தில் மட்டும் வந்த நன்னீர், இப்போது பெரும்போகம், சிறுபோகம் என்று இரண்டு போகத்திலும் வரத் தொடங்கியது. களப்பு வற்ற வேண்டிய மாதங்களில் வற்றவில்லை. உப்புக் குறைந்தது. எம்பிலிகல ஏறக்குறைய ஒரு நன்னீர்க் குளமாகவே ஆகிவிட்டது. உவர்நீரில் பெருகி வாழ்ந்த சிற்றுயிர்கள் குறைய, சம்புப் புல்லும் வேறு நன்னீர்த் தாவரங்களும் ஓரங்களில் ஏறின. வயலில் இட்ட பசளையும் தண்ணீரோடு வந்தது. நற்போசணையாக்கம் என்று பாடத்தில் படித்துப் பரீட்சைக்கு ஐந்து வரி எழுதுகிறோமே, அது இங்கே ஒரு களப்பு முழுவதும் நடந்தது. இறால் பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வலையும் காலியானது. இந்த வடிநீர் நேரடியாகப் போய்ச் சேராத புந்தலக் களப்போ பக்கத்திலேயே உவராகக் கிடக்கிறது. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கடல். வாய்க்கால் மட்டும்தான் வித்தியாசம்.

இங்கே விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவது சுலபம். சுற்றாடல் தினக் கட்டுரைகள் பலவற்றில் அப்படித்தான் நடக்கிறது. "மனிதனின் பேராசை" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவோம். என் மாமா ஒருவர் அந்தப் பக்கத்தில் குத்தகைக்கு வயல் செய்கிறார். அவரிடம் பேராசையை நான் கண்டதில்லை, கடன் கொப்பியைத்தான் கண்டிருக்கிறேன். மலல களப்பு கடலோடு சேரும் இடத்தில் ஒரு மணற்றிட்டு உண்டு. தண்ணீர் கூடும்போது அதை வெட்டிவிடுவார்கள். அது சரியா என்று அவரிடம் கேட்டேன்.

"தண்ணி பின்னுக்கு ஏறினா பள்ளத்து வயலெல்லாம் தாண்டு போகும் மகள். முகத்துவாரத்த வெட்டாம என்ன செய்யுற?"

"அப்ப மீன் பிடிக்கிறவங்க மாமா?"

"அவங்களும் வெட்டத்தான் சொல்லுறாங்க, இறால் குஞ்சு உள்ளுக்கு வரணுமாம். ஆனா அவங்க கேக்குற நேரம் வேற, நாங்க கேக்குற நேரம் வேற."

இந்தப் பதிலில் ஒரு முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. மழை பெருக்கெடுத்து மணற்றிட்டு தானாக உடையும்போது களப்புக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கடல் உள்ளே வரும், உப்பு ஏறும், பிறகு அலை மணலைக் கொண்டுவந்து வாயை மூடும், பிறகு வெயில் வேலை செய்யும். இப்போது வயலுக்காக அடிக்கடி வெட்டும்போது களப்பின் தண்ணீர் ஒரேயடியாக வடிந்துவிடுகிறது, பிறகு வாய்க்கால் அதை மறுபடியும் நிரப்புகிறது. சேறு ஒருநாள் காய்ந்து வெடிக்கிறது, சில வாரங்களில் ஆழத்தில் மூழ்குகிறது. அந்த விரற்கடை ஆழம் எப்போது வரும், எங்கே வரும் என்று எந்தப் பறவையாலும் நம்பி இறங்க முடியாது.

ஆகவே குற்றம் மண்வெட்டி பிடித்தவருடையது என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அங்குலம் அங்குலமாகக் கணக்குப் பார்த்த திட்டம், பயன்பட்ட பிறகு அது எங்கே போகும் என்பதில் அதே அக்கறையைக் காட்டவில்லை. அதற்குப் பின்னால் நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஊட்டப்பட்ட ஓர் எண்ணம் இருக்கிறது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னர், மழைநீரில் ஒரு துளிகூட மனிதருக்குப் பயன்படாமல் கடலைச் சேரக் கூடாது என்று சொன்னதாக வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். பரீட்சைக்கு வராத ஆண்டே இல்லை என்று சொல்லுமளவுக்கு அது நமக்குப் பாடம். அந்த மன்னர் கட்டிய குளங்களை நான் மதிக்கிறேன். வறண்ட வலயத்தில் சோறு விளைந்தது அந்தக் குளங்களால்தான். ஆனாலும் அந்த வாக்கியத்தோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. மனிதருக்குப் பயன்பட்ட நீர் கடலைச் சேரும் முன் ஒரு களப்பைக் கடக்கிறது. அந்தக் களப்பு எவ்வளவு நன்னீரைத் தாங்கும் என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் இல்லை. மனிதருக்குப் பயன்படாத நீர் வீண் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் களப்பே ஒரு வீண் பொருளாகிவிடும்.

அல்குர்ஆனில் ஸூரா ஃபாதிரின் 12ஆம் வசனத்தில் இரு வகை நீர்நிலைகள் பேசப்படுகின்றன. ஒன்று இனிப்பானது, மற்றது உவர்ப்பானது, இரண்டும் சமமில்லை என்று சொல்லப்பட்ட பிறகும், இரண்டிலிருந்தும் மனிதர் உணவு பெறுவதாகவே அந்த வசனம் தொடர்கிறது. இதை முன்பு ஓதியிருக்கிறேன், புந்தலயைப் பற்றி வாசித்த பிறகு ஓதியபோது அந்த இடத்தில் நின்றுவிட்டேன். உப்பு நீரைத் திருத்த வேண்டிய தவறாக அது காட்டவில்லை. இரண்டும் படைக்கப்பட்டவை, இரண்டுக்கும் வேலை இருக்கிறது. நாம்தான் ஒன்றை மற்றொன்றாக்கப் பார்க்கிறோம்.

உவர் நிலத்தைத் 'திருத்தும்' ஆசைக்கு இன்னொரு சாட்சியும் அங்கேயே முள்ளோடு நிற்கிறது. சீமைக்கருவேலம். உப்பு ஏறிய மண்ணை நல்லதாக்கவும் வெறும் தரையை மூடவும் என்று 1950களில் அம்பாந்தோட்டையில் நடப்பட்ட மரம் அது. இன்று பூங்காவுக்குள் பற்றைக்காடாகப் பரவி, களப்பின் ஓரங்களை மூடுகிறது. பறவை நடந்து திரிந்த திறந்த வெளி முட்காடாகிறது. அதற்குத் துணையாக நாகதாளிக் கள்ளியும் மணல் மேடுகளில் ஏறுகிறது. மாடுகள் சீமைக்கருவேலக் காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு போட்டுப் பரப்புகின்றன. மாடுகள் ஏன் பூங்காவுக்குள் வருகின்றன என்றால், அவை மேய்ந்த நிலம் வயலாகிவிட்டது. எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அதே வாய்க்காலில்தான் போய் நிற்கிறது.

களப்பை வெற்று நிலமாகப் பார்ப்பதன் உச்சத்தை அம்பாந்தோட்டை நகரத்துக்குப் பக்கத்திலேயே காணலாம். கரகன் லேவாய இருந்த இடத்தைத் தோண்டித்தான் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் கப்பல் தரிப்பிடத்தை அமைத்தார்கள். 2010இல் அதற்குள் கடல்நீர் விடப்பட்டது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை, அதற்கு இந்தச் சஞ்சிகையின் பக்கங்கள் போதாது. நாட்டில் அந்தத் துறைமுகத்தைப் பற்றிக் கடன் பேசினார்கள், குத்தகை பேசினார்கள், வல்லரசுகளைப் பேசினார்கள். அங்கே ஒரு லேவாய இருந்தது என்று பேசியவர்கள் எத்தனை பேர்?

2004 டிசம்பர் 26ஐ அம்பாந்தோட்டை முஸ்லிம்கள் மறக்க மாட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் கரகன் லேவாயவுக்கும் இடைப்பட்ட நிலத்தில் சந்தை கூடியிருந்தது. நான் அப்போது பிறக்கவில்லை, ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்த நாளின் பெயர்கள் ஒவ்வோர் ஆண்டும் துஆவில் சொல்லப்படுகின்றன. அதே நாளில் புந்தலயில் செடி கொடி மூடிய மணல் மேடுகள் சுனாமி அலையைத் தடுத்து நிறுத்தின. மேடு அறுந்திருந்த நீர்வாய்கள் வழியாகத்தான் கடல் உள்ளே வந்தது. களப்பு, மணல் மேடு, முகத்துவாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே உடல் என்பதைச் சொல்ல இதைவிடத் துக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

"குருவிக்காக மனிசர் பட்டினி கிடக்கணுமா?" என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்துவிட்டுக் கேட்டாள். நியாயமான கேள்வி. பலர் இதற்குச் சுற்றுலாவைப் பதிலாகச் சொல்வார்கள்: பூநாரை வந்தால் வெள்ளைக்காரர் வருவார், டொலர் வரும், ஜீப் ஓட்டுநருக்கு வேலை வரும். எனக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. டொலர் வராத ஆண்டில் களப்பை என்ன செய்வது? கொவிட் காலத்தில் விருந்தாளிகள் யாரும் வரவில்லை. அந்த ஆண்டும் கொசு உள்ளான் வந்திருக்கும்.

நான் தோழிக்குச் சொன்ன பதில் வேறு. வயலை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. களப்பில் வந்து விழுவது பயிருக்குத் தேவைப்படாத நீர். அதோடு வருவது பயிர் எடுக்காத பசளை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததும், அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடியில் பசளை விலை எங்கே போனதும் விவசாயக் குடும்பங்களில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமா கடன்பட்டு வாங்கிய பசளையின் ஒரு பகுதி எம்பிலிகலவில் பாசி வளர்க்கிறது. இது பறவைக்கும் மாமாவுக்கும் இடையிலான சண்டையாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டை வாளியால் நட்டம். இறால் பிடித்தவர் மூன்றாவது ஆள்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. வடிநீரைக் களப்பில் விழவிடாமல் இடையில் தேக்கி, கீழுள்ள வயலுக்கு மறுபடியும் பாய்ச்சலாம். ஒரு குளத்தின் வடிநீரை அடுத்த குளத்தில் பிடிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல, பழைய குளத்தொடர்கள் எல்லாம் அப்படி அமைந்தவைதான். அப்படிப் பார்த்தால் பராக்கிரமபாகு மன்னருக்கும் இதில் ஆட்சேபம் இராது. தேக்க முடியாத மிச்சத்தைக் களப்புக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுபோக வாய்க்கால் வெட்டுவது செலவான காரியம், ஆனால் ஒரு நீர்த்தேக்கத்தையே கட்ட முடிந்த நாட்டால் முடியாததல்ல. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். மேலால் வெட்டினால் மீண்டும் தளிர்க்கும், வெட்டிய படத்தைப் பத்திரிகையில் போட்டுவிட்டு மறந்துவிடுவதால் பயனில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. போகம் தொடங்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். நீர்த்தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது என்று அதிகாரிகளும் விவசாயிகளும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் களப்பு மீனவர்களுக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கதிரை போட்டு, மணற்றிட்டை எப்போது வெட்டுவது என்பதையும் ஒரே மேசையில் பேசித் திகதி குறிக்க வேண்டும். மாமா சொன்ன இரண்டு 'நேரங்களும்' சந்திக்கக்கூடிய இடம் அதுதான்.

பேசுவதற்கு ஓர் எண் வேண்டும். நீர்த்தேக்கத்தின் மட்டம் எல்லோருக்கும் தெரிகிறது, களப்பின் உப்பு மட்டம் வயல்காரர் எவருக்கும் தெரிவதில்லை. உப்புத்தன்மையை அளக்கும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த உயிரியல் மாணவி ஒருத்திக்கு ஒரு மணித்தியாலப் பயிற்சி போதும். பூங்காவுக்குள் போக அனுமதி வேண்டும், முதலையும் உண்டு. அதனால் பூங்காவுக்கு வெளியே வடிகால் வாய்க்கால்களின் பாலங்களில் அந்தப் பக்கத்துப் பாடசாலைகள் வாரம் ஒருமுறை அளந்து கொப்பியில் பதியலாம், உள்ளே களப்பின் அளவைத் திணைக்கள உத்தியோகத்தர் தரலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எந்த வாரம் வாய்க்காலில் எவ்வளவு வந்தது, களப்பில் எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். அடுத்த பெரும்போகத்துக்கு முன் ஒரு பருவத்தின் அளவீடுகளாவது கையில் இருந்தால், கூட்டத்தில் எழுந்து அவற்றை வாசிக்கத் தான் தயார் என்று மாமா சொல்லியிருக்கிறார். தமிழில் எழுதித் தந்தால் போதுமாம், சிங்களத்தில் அவரே சொல்லிவிடுவாராம்.